உப்புக்காற்றில் 11 வருஷம்: என் ரிவிட் பெட்டி

தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். 2014-ல் ஒரு தகரப் பட்டறையில் அளவு சொல்லி, ரிவிட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலையுள்ள ஆணி) அடித்துச் செய்து வாங்கிய டூல்ஸ் பெட்டிதான் இன்றைக்கும் கூட வருகிறது. அதற்கு முன்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டி, வெயிலில் காய்ந்து காய்ந்து, இரண்டே வருஷத்தில் கீல் பக்கம் அப்பளம் மாதிரி உடைந்துபோனது.

ட்ரங்குப் பெட்டி, உண்டியல், புனல், முறம் எல்லாம் செய்கிற பழைய பட்டறை அது. 20 அங்குல நீளம், 9 அகலம், 10 உயரம் கேட்டேன். 20 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, அதாவது கிட்டத்தட்ட 0.9 மி.மீ. கனம். (கேஜ் நம்பர் கூடக் கூடத் தகடு மெலியும். 22 என்றால் 20-ஐவிட நல்லது என்று நினைத்து வாங்கி ஏமாந்த ஆட்களை எனக்குத் தெரியும்.) மூலைக்கெல்லாம் வெல்டு வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டதற்குப் பட்டறைக்காரர், "ஜிஐ தகட்டுல வெல்டு வச்சா மேல்பூச்சு வெந்துரும் தம்பி, அந்த எடத்துலதான் முதல்ல துரு பூக்கும்" என்றார். துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அப்போது சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், புரிந்ததெல்லாம் பின்னால்தான்.

அவர் ரிவிட் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆணியின் தலையை அடிக்கட்டையில் இருக்கும் சின்னக் குழியில் உட்கார வைக்கிறார். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, ஆணியின் தடிமனில் ஒன்றரைப் பங்கு இருக்க வேண்டுமாம். குறைந்தால் தலை முழுதாக உருளாது, கூடினால் சாய்ந்துகொள்ளும். ஓட்டை போட்ட 'செட்' என்கிற இரும்புக் கருவியை அதன்மேல் மாட்டி ஒரு தட்டு தட்டியதும் இரண்டு தகடும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் தண்டின் மேல் நேராக இரண்டு அடி, சுற்றிலும் சாய்வாகச் சின்னச் சின்ன அடி, கடைசியில் குழிவான செட் ஒன்றை வைத்து ஒரே போடு. மொட்டு மாதிரி தலை வந்துவிடுகிறது. நெருப்பே கிடையாது.

வெறும் பெட்டியே ஆறரைக் கிலோ. சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், இரண்டு பவுண்டு சுத்தியல் எல்லாம் போட்டால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு படகுக்குப் படகு தாண்டுவது சர்க்கஸ்தான். உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் வேறு, எஞ்சின் அறைக்குள் கிடக்கும் பையன் நான் வருவதைப் பெட்டிச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வான். பழைய ரப்பர் ஷீட்டை வெட்டி அடியில் போட்ட பிறகு பரவாயில்லை. மத்தியான வெயிலில் மூடியைத் தொட்டால் கை பொத்துவிடும், இதற்கு மருந்து கிடையாது. மழைத்தண்ணீர் மூடி இடுக்கில் இறங்கும், இதற்கும் கிடையாது.

நான் செய்த பெரிய தப்பு 2019-ல். பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கும்போது படகு ஆடி, பக்கவாட்டில் போய் இடித்ததில் கைப்பிடி ரிவிட் இரண்டு தளர்ந்துவிட்டன. பட்டறை வரை போகச் சோம்பல். பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்தேன், ரிவிட் கன்னை வைத்து டக் டக்கென்று நாலு அலுமினிய பாப் ரிவிட் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் குழல் ரிவிட்) போட்டுக் கொடுத்தார், ஐந்து நிமிஷ வேலை. எட்டு மாசத்தில் அதைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்தது. உப்பு என்று துடைத்துவிட்டேன். பார்த்தால் அரிப்பு. பூச்சு தேய்ந்த இடத்தில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து உப்பீரத்தில் கிடந்தால் அலுமினியம்தான் கரையும். போதாததற்குப் பாப் ரிவிட் உள்ளே பொள்ளல், தண்ணீர் போய்த் தங்கிவிடும். ஒருநாள் தளத்தில் வைத்துத் தூக்கும்போது கைப்பிடி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்து, பெட்டி கவிழ்ந்து, 17-ம் நம்பர் ரிங் ஸ்பேனரும் நல்ல குறடு ஒன்றும் கடலோடு போயின.

மறுநாளே பழைய பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒன்றும் திட்டவில்லை, பாப் ரிவிட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அது திட்டைவிட மோசம். எல்லாவற்றையும் துளைத்து எடுத்துவிட்டு, உள்பக்கம் ஒரு பட்டை வைத்து, 5 மி.மீ. இரும்பு ரிவிட் ஆறு அடித்துக் கொடுத்தார். அந்தக் கைப்பிடி இன்றுவரை அசையவில்லை. இதற்காகத்தான் ரிவிட் பெட்டி வேண்டும் என்கிறேன். ஒரு ரிவிட் போனால் அதை மட்டும் துளைத்து வேறு அடிக்கலாம், தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. நல்ல பக்கத்தை நோண்ட வேண்டியதும் இல்லை.

துரு வந்தது அடியில் மட்டும்தான். ஈரமான தளத்தில் அப்படியே வைத்துவைத்து மடிப்பு ஓரம் அரித்திருந்தது. அடியில் இரண்டு மரச் சட்டம் அடித்துக் காலாக்கினேன், ஒரு அங்குல இடைவெளியில் காற்று போகிறது, அதற்குப் பிறகு பரவவில்லை. வாங்கிய அன்றே அடித்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், எங்களுக்கு அப்போதுதான் எஞ்சின் பிரிக்கிற வேலை தலைக்கு மேல். அது முடிகிற வாரம் பெட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்த இடத்தில் பெயின்ட் தொட்டு வைப்பேன். இந்த வருஷம் பார்த்தபோது நாதாங்கிப் பக்கம் ஒரு ரிவிட் லேசாக ஆடியது. இந்தத் தடவை யாரிடமும் ரிவிட் கன் கேட்கவில்லை. பட்டறையில் இப்போது பெரியவரின் மகன் உட்காருகிறார், வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.