டாக்கோவா, புரிட்டோவா: அறுகம்பையில் எதை ஓடர் பண்ணலாம்?

அறுகம்பைக்கு சர்ஃபிங் சீசனில் போய், கையைக் கடிக்காமல் கொஞ்சம் வசதியான இடத்தில் உட்கார்ந்து மெக்சிகன் சாப்பிடுவதென்றால் நான் டாக்கோவைத்தான் சொல்வேன். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்து அரைத்த மாவில் சுடுகிற சின்ன ரொட்டி அது, அதன் மேல் மீன், பொடியாக வெட்டின வெங்காயம், கொத்தமல்லி இலை, கடைசியில் தேசிக்காய்ப் புளி. நம்ம கடல் மீனுக்கு அவ்வளவு பொருத்தம்! ஆளுக்கொரு வகை எடுத்து மாற்றியும் சாப்பிடலாம். ரொட்டி வெடிக்காமல் மடிகிறதா என்று பாருங்கள், கடையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

புரிட்டோ என்பது வட மெக்சிகோவின் கோதுமை மா ரொட்டிச் சுருள். உள்ளே பீன்ஸ், இறைச்சி, அமெரிக்கப் பாணியில் செய்தால் சோறும் இருக்கும். ஒன்றே வயிறு நிறைக்கும், காசுக்கும் லாபம், நாள் முழுக்கக் கடலில் நின்றவருக்குச் சரி. ஆனால் மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடி வந்து திரும்பவும் சோறா?

அப்புறம், மெக்சிகன் சமையலில் பன்றி இறைச்சி சாதாரணம். ஹலால் பார்ப்பவர்கள் உட்காரும்போதே கேட்டுவிடுங்கள்.