86,500 ரூபாய் போச்சு: பட்டாளத்து வண்டியை பிரேக் வேலைக்கு விடப் போறவங்க படிங்க

நேத்து மத்தியானம் நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கல. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

கிருஷ்ணகிரி பக்கம் குவாரிக்குள்ள தண்ணி ஏத்திட்டுப் போறதுக்குன்னு பழைய ஸ்டாலியன் லாரி ஒண்ணு வாங்கினேன். அசோக் லேலண்ட் வண்டி, ஜபல்பூர்ல கோர்த்தது, பட்டாளத்துல பழைய சக்திமான் லாரி இருந்த இடத்துக்கு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். ஏலத்துல எடுத்தவர்கிட்ட கைமாத்தி வாங்கினது. இன்ஜின் அருமை. ஒரே குறை, வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னு நாலு பிரேக்கும் ஜாம்.

ஏன் ஜாம் ஆகுதுன்னு அப்ப எனக்கும் தெரியாது. பின் சக்கரத்துல ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கிறது காத்து இல்ல, சக்கரத்துக்குப் பக்கத்துல சேம்பர்னு ஒரு டப்பா, அதுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங். காத்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வெச்சாத்தான் பிரேக் விடும். வண்டி நின்னுபோய் டேங்க்ல காத்து கசியக் கசிய ஸ்பிரிங் தானா விரிஞ்சு, பிரேக் ஷூவை, சக்கரத்தோட சுத்துற டிரம்மோட அழுத்திடும். மழையும் வெயிலும் அடிச்சா ஷூ மேல இருக்கிற உராய்வுப் பட்டை, அதான் லைனர், அதுவும் டிரம்மும் துருவுல ஒட்டிக்கும். முன் சக்கரத்துல அந்த ஸ்பிரிங் கிடையாது, ஆனா ஷூவை விரிக்கிற எஸ்-கேம் தண்டோட புஷ் கிரீஸ் காஞ்சு இறுகி, போன ஷூ திரும்பி வரல.

பைபாஸ் ஓரத்துல ஹெவி வண்டி பிரேக் மட்டும் பாக்குற பட்டறை ஒண்ணு. பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பழைய வண்டி வாங்கி விக்கிற வாட்ஸ்அப் குரூப்புல ரெண்டு பேர் சொன்னாங்க.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிடுறேன், அதான் ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடுது. போனதும் ஓனர் விலையே பேசல. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டு, டீ வரவழைச்சு, "அண்ணா, எங்கப்பா பட்டாளத்துல டிரைவர். இந்த வண்டி வாசனையே எனக்குத் தனி"ன்னு சொன்னான். எங்க மாமாவும் ஆர்மி சப்ளைல இருந்தவர். அவ்வளவுதான், நான் விழுந்துட்டேன். பழைய டிரம் ஒண்ணைக் கையில எடுத்து, விளிம்புல துரு எப்படி மேடு கட்டும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வெக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்தாம டிரம்மை இழுத்தா ஷூ எப்படி அந்த மேட்டுல மாட்டும்னு பாடம் எடுத்தான். தொழில் தெரிஞ்சவன், அதுல சந்தேகமே இல்ல. அதான் வயிறு எரியுது.

நாலு சக்கரத்துக்கும் புது லைனர் அடிச்சு, டிரம் நாலையும் லேத்துல பிடிச்சு, கேம் புஷ், டயஃப்ரம், ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாம் மாத்த 86,500. மொத்தமும் முன்பணமா ஜிபேல போட்டேன். பில் கேட்டதுக்கு, "நமக்குள்ள என்னண்ணா பில்லு." சரின்னுட்டேன்.

பத்து நாள்ல முடிஞ்சதுன்னு போட்டோ அனுப்பினான். பளபளன்னு லைனர், வெள்ளையா கடைஞ்ச டிரம். வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன். இப்ப பெருசு பண்ணிப் பாத்தா, பக்கத்துல கழட்டி வெச்சிருக்கிறது ஜோடி டயர். என் வண்டிக்குப் பின்னாடியும் ஒத்தை டயர்தான்!

வண்டி வந்துச்சு. சக்கரம் நல்லா சுத்துது, டிரம்முக்கு வெளிய கறுப்பு பெயின்ட் மினுங்குது. டிரைவர் மட்டும், "பெடலை ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் பிடிக்குதுண்ணா"ன்னான். போன் பண்ணேன். "புது லைனர்ணா, பதம் வரணும்." நேத்து குவாரி சரிவுல ஹேண்ட் பிரேக் போட்டு டிரைவர் இறங்கினான். தண்ணியோட இருந்த வண்டி மெதுவா நகர ஆரம்பிச்சு, கீழ ஜல்லிக் குவியல்ல போய் முட்டி நின்னுச்சு. அங்க அரை மணி நேரத்துக்கு முன்னாடி மூணு பேர் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

பட்டாளத்து வண்டிகளைப் பழுது பாக்குற இஎம்இ பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். வண்டிக்கு அடியில படுத்தவர் ரெண்டே நிமிஷத்துல வெளிய வந்து கெட்ட வார்த்தைல திட்டினார். பின் சேம்பர் ரெண்டுலயும் ரப்பர் மூடி இருக்க வேண்டிய ஓட்டையில நீள போல்ட் நீட்டிக்கிட்டு இருக்கு. வேலை செய்யும்போது ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கட்ட மாட்டுற போல்ட் அது, வேலை முடிஞ்சா கழட்டணும். கழட்டல. அதாவது ஹேண்ட் பிரேக்கே இல்லாம வண்டியை அனுப்பிட்டான். ஸ்லாக் அட்ஜஸ்டர் நாலையும் கடைசி வரைக்கும் தளர்த்தி விட்டிருக்கான், அதான் சக்கரம் "நல்லா" சுத்துச்சு. டிரம்மைக் கழட்டினா உள்ள அதே பழைய லைனர், பிய்ஞ்சு பிய்ஞ்சு. லைனர் ஒட்டியிருந்த அச்சு துருவா டிரம்முல அப்படியே பதிஞ்சு கிடக்கு. லேத் பக்கமே போகாத டிரம். 86,500 ரூபாய்க்கு நாலு போல்ட் வேலையும் ஒரு டப்பா பெயின்ட்டும்.

போன் பண்ணேன். முதல்ல, "பையன் மறந்திருப்பான்ணா, கழட்டிடுங்க." அப்புறம், "மிலிட்டரி வண்டின்னா அப்படித்தான், ஓவர் லோடு ஏத்திருப்பீங்க." சாயந்திரம் ஒரு பொண்ணு எடுத்து ஓனர் வெளியூர்னுச்சு. பின்னாடி அவன் குரல் கேக்குது. ராத்திரி டிரம் போட்டோ நாலு அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

எப்படிப் பட்டறை தேடணும், என்னென்ன கேக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். முடியல. தோணுறதை மட்டும் சொல்றேன். டிரம் கழட்டும்போதும் திரும்பப் போடும்போதும் பக்கத்துலயே நில்லுங்க. பழைய லைனரைச் சாக்குல போட்டுக் கையில வாங்குங்க. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே சரிவுல ஹேண்ட் பிரேக் போட்டுப் பாருங்க, சக்கரத்துக்குக் கட்டை வெச்சுக்கிட்டு. பில் இல்லாம பணம் வேண்டாம். இன்னொண்ணு, பழைய லைனர் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த ஸ்பிரிங் சேம்பரைத் தெரியாதவங்க பிரிக்கவே பிரிக்காதீங்க, உள்ள சுமார் ஒரு டன் விசை இருக்கு, ஆளையே அடிச்சிடும்.

டிரம் நாலும் இப்ப திண்ணைல கிடக்கு. காலைல லேத்துக்கு எடுத்துட்டுப் போகணும், மறுபடியும் காசு. அவன் நம்பரை இப்பக்கூட ஒரு தடவை அடிச்சுப் பாத்தேன். ஸ்விட்ச் ஆஃப்.