கையா, கணக்கா, கடைக்கட்டா?

மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் இரவெல்லாம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாம் பெங்களூரா மாங்காய் லோடு. சரக்கு இறக்க முறை வரும்வரை டிரைவர்களுக்கு வேலை கிடையாது. தார்ப்பாயை விரித்து, செல்போன் வெளிச்சத்தில் ரம்மி போடுவார்கள். அப்படி ஒரு தொழிற்சாலையின் எடை மேடையில் சீசனுக்கு மட்டும் இரவு வேலை பார்க்கிறேன். சீட்டு வித்தையை நான் பழகியதும் அங்கேதான், காட்டியதும் அந்தத் தார்ப்பாய் மேல்தான்.

வித்தை கற்க ஆசைப்படும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: எதிலிருந்து ஆரம்பிப்பது? மூன்று வழி இருக்கிறது. விரல் பழக்கத்தால் செய்வது ஒன்று. சீட்டின் வரிசைக் கணக்கால் தானாகவே நடப்பது இன்னொன்று. மூன்றாவது, வித்தைக்கென்றே தயாரித்து விற்கிற கட்டு. மூன்றையும் பல சீசன் காட்டிப் பார்த்திருக்கிறேன். எதைச் செய்தாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: பார்க்கிறவர் "கட்டைக் கொடு" என்று கை நீட்டினால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் ரம்மி தெரியாத ஆம்பளை குறைவு. அந்தக் கை இரண்டு நிமிஷத்தில் நீண்டுவிடும்.

கடைக்கட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆன்லைனில் வாங்கிய ஸ்வெங்காலி கட்டு. 52 சீட்டில் 26 ஒரே சீட்டு. அந்த 26-ம் மற்றவற்றைவிட மயிரிழை குட்டை. ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். முகப்பைக் காட்டிப் பெருவிரலால் சர்ரென்று விட்டால் குட்டைச் சீட்டுகள் ஒளிந்துகொள்ளும். எல்லாம் வேறு வேறு சீட்டாகத் தெரியும். பார்க்கிறவர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அவருக்கு வருவது அந்த ஒரே சீட்டுதான். ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முதல் சீசனில் அதைத்தான் காட்டினேன். நாலைந்து பேர் வாய் பிளந்தார்கள். போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த கட்டை மெதுவாக வாங்கினார். தார்ப்பாயில் முகம் தெரிய விரித்தார். "இதுல பாதி டைமண்ட் ராணிதானே தம்பி?" என்றார். கோபமெல்லாம் இல்லை. தங்கள் ரம்மிக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல காட்டு" என்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எடை மேடைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் கடைக்கட்டு கூடாது என்று சொல்லமாட்டேன். இன்விசிபிள் டெக் என்று ஒன்று இருக்கிறது. 52-ல் எதை வேண்டுமானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டை விரித்தால் அந்த ஒன்று மட்டும் தலைகீழாகக் கிடக்கும். சொரசொரப்பான பூச்சுப் போட்ட சீட்டுகள் முதுகோடு முதுகு ஒட்டி, ஜோடி ஜோடியாக இருக்கின்றன. வழக்கமான அடுக்கில் ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 13. ராஜாவுக்கு மட்டும் ஜோடி ராஜாதான். நீங்கள் சொன்ன சீட்டின் ஜோடி எது என்று மனசுக்குள் கழித்துப் பார்த்து, அந்த இடத்தில் விரலால் லேசாகத் தள்ளினால் போதும். ஒரு நிமிஷத்தில் இவ்வளவு அடி கொடுக்கிற வித்தை வேறு எனக்குத் தெரியாது. பள்ளி ஆண்டு விழா மேடை, கல்யாண வரவேற்பு என்று தள்ளி நின்று காட்டுகிற இடங்களுக்குக் கடைக்கட்டு பொருத்தம். யாரும் கை நீட்டப் போவதில்லை. நீட்டுவார்கள் என்றால், அதற்குள் யாருக்கும் தெரியாமல் சாதாரணக் கட்டை மாற்றிக் கொடுத்தாக வேண்டும். மாற்றுவதோ முழுக்க முழுக்கக் கைவேலை. கை வேண்டாம் என்று கடைக்குப் போனவர் கடைசியில் கையிடமே வந்து நிற்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். இதில் கை நீண்டால் பயமே இல்லை. கட்டு அவர்களுடையது, கலைப்பதும் அவர்கள்தான்.

21 சீட்டு வித்தை பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வரிசையாக, வரிசைக்கு 7 சீட்டு போடுவோம். அவர் ஒன்றை மனசில் நினைத்து எந்த வரிசை என்று மட்டும் சொல்வார். அந்த வரிசையை நடுவில் வைத்து எடுத்து, மறுபடி போடுவோம். மூன்று முறை. கடைசியில் அவர் நினைத்த சீட்டு மேலிருந்து 11-வதாக வந்து நிற்கும். காவேரிப்பட்டணத்தில் இருக்கிற அக்கா மகளுக்கு இதைக் காட்டினேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். "எப்படி மாமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சீட்டைப் பிடுங்கித் தரையில் அவளே அடுக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் தலை நிமிரவில்லை. முதல் முறை எடுத்ததும் சீட்டு 8-லிருந்து 14-க்குள் எங்கோ இருக்கிறது. அதை மறுபடி அடுக்கினால் அந்த ஏழும் ஒவ்வொரு வரிசையிலும் 3, 4, 5-ஆம் இடங்களில்தான் விழ முடியும். இரண்டாம் முறை எடுத்தால் 10, 11, 12-க்குள் சுருங்கிவிடுகிறது. அந்த மூன்றும் மூன்றாவது அடுக்கலில் வரிசைக்கு ஒன்றாக, சரியாக நடுவில், நாலாவதாக விழுகின்றன. "அப்போ மூணாவது தடவை அவங்க வரிசையச் சொன்னதுமே நமக்குத் தெரிஞ்சிடுது, அப்புறம் எதுக்கு எடுத்து எண்ணணும்?" என்றாள். அதுவரை நானே அப்படி யோசித்ததில்லை.

கணக்கு வித்தையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கடைக்கட்டின் ரகசியம் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டை மறுபடி எடுக்க மனசே வராது. கணக்கின் ரகசியம் தெரிந்தால் வித்தையைவிட அந்த ரகசியமே அழகாக இருக்கிறது.

ஆனால் 21 சீட்டு டிரைவர்களிடம் எடுபடவில்லை. இரண்டாவது முறை அடுக்கும்போதே கொட்டாவி விட்டார்கள். மூன்று முறை அடுக்குவதைப் பார்க்கும் யாருக்கும் இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று தோன்றாமல் இருக்காது. அவர்களிடம் எடுபட்டது கில்பிரெத் தத்துவம்தான். நார்மன் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1958-இல் வெளியிட்டது. கட்டை முன்கூட்டியே சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று அடுக்கிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர் வெட்டட்டும். அப்புறம் மேலிருந்து ஏறக்குறைய பாதியை ஒவ்வொன்றாகக் கீழே போட்டு ஒரு குவியலாக்கட்டும். இரண்டு குவியலையும் மூலையோடு மூலை சர்ர்ர் என்று விட்டுக் கோத்து ஒரே ஒரு முறை கலைக்கட்டும். அவ்வளவுதான். மேலிருந்து இரண்டு இரண்டாக எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. 26 ஜோடியும் அப்படியே. பத்தாவது ஜோடியைத் திருப்பும்போது தார்ப்பாய் அமைதியாகிவிடும்.

"கலைத்தவன் நானே" என்று பார்க்கிறவர் நம்புவதில்தான் இந்த வித்தையின் உயிர் இருக்கிறது. 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 68 இலக்க எண். அதை நினைத்தால் ஒருமுறை கலைத்தாலே எல்லாம் தொலைந்துபோகும் என்றுதான் தோன்றும். தொலைவதில்லை. அந்த மாதிரி கோத்துக் கலைப்பதில் நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயக்கோனிஸ் என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1992-இல் காட்டினார்கள். இந்த டயக்கோனிஸ் 14 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி டாய் வெர்னான் என்கிற வித்தைக்காரரோடு ஊர் ஊராகப் போனவர்; அப்புறம்தான் கணிதப் பேராசிரியர் ஆனார். கையில் இருந்து கணக்குக்குப் போன ஆள்.

அந்த வெர்னான்தான் கைவேலைக்காரர்களுக்குக் குரு மாதிரி. மூன்று முறை பார்த்தால் எந்த வித்தையையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், விலங்கிலிருந்து தப்பிக்கிற வித்தையால் பேர் பெற்ற ஹூடினி. 1922-இல் சிகாகோவில் வெர்னான் அவருக்கு ஒரு சீட்டைக் காட்டினார். நடுவில் செருகுகிறார், மேலே வருகிறது. மறுபடி செருகுகிறார், மறுபடி மேலே. மூன்று முறையைத் தாண்டிக் காட்டியும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை.

இந்த வித்தையைச் செய்யப் பல வழி உண்டு. நான் செய்வது டபுள் லிஃப்ட் வழியாக, அதாவது இரண்டு சீட்டை ஒன்று போலத் தூக்குவது. கட்டு இடது கையில் இருக்கிறது. மேல் இரண்டு சீட்டின் பின்விளிம்பை வலது பெருவிரல் நுனியால் இம்மியளவு தூக்கி, அடியில் சுண்டுவிரல் சதையைக் கொடுக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு அந்த இடைவெளி தெரியாது. பேசிக்கொண்டே இரண்டையும் ஒன்றாகப் பிடித்து மல்லாத்துகிறேன். அவருக்கு ஒரு சீட்டுதான் திரும்பியது. மறுபடி கவிழ்த்து மேல் சீட்டை மட்டும் நடுவில் செருகினால், அவர் பார்த்த சீட்டு மேலேயே தங்கிவிடும். அழுத்திப் பிடித்தால் சீட்டு வளைந்து தடிமன் காட்டிக்கொடுக்கும். லேசாகப் பிடித்தால் ஒன்று நழுவி வெளியே வரும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஒரு சீட்டை நாம் எவ்வளவு அக்கறையில்லாமல் திருப்புவோமோ அதே அக்கறையின்மையோடு இரண்டைத் திருப்புவது. ஒரு லாரி மேடையில் ஏறி இறங்கினால் அடுத்தது வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அந்த இடைவெளிகளில் ஒரு முழு சீசன் இதை மட்டும் செய்தேன்.

சீட்டும் முக்கியம். வித்தைக்காரர்கள் விரும்புகிற பைசைக்கிள் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம். மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். டிரைவர்கள் கையில் இருப்பது பெட்டிக்கடைக் கட்டு, 57 மில்லிமீட்டர்தான். மாங்காய்ப் பால் பட்ட விரல்களில் ஒரு வாரம் இருந்தால் இரண்டு சீட்டு தானாகவே ஒட்டிக்கொள்ளும், மூன்றாவதும் கூட வரும். வீட்டில் பைசைக்கிளில் மட்டும் பழகியவர் இங்கே வந்தால் திணறிப்போவார். பெட்டிக்கடைக் கட்டிலேயே பழகுங்கள் என்றுதான் பையன்களிடம் சொல்கிறேன்.

விரல் சின்னது, நடுங்குகிறது என்பவர்களுக்கு ரெனே லவாந்தைச் சொல்வேன். அர்ஜென்டினாக்காரர். ஒன்பது வயதில் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு, அதுவும் மிக மெதுவாக, உலகம் முழுக்கச் சீட்டு வித்தை காட்டினார். வேகம் இருந்தால் கண்ணை ஏமாற்றலாம் என்பது தவறான எண்ணம் என்று அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நிற்க, கட்டியங்காரன் பேச்சுக் கொடுக்கிறார். கூட்டம் அவர் வாயைப் பார்க்கிறது. சுண்டுவிரல் நகர்கிற நேரத்தில் நான் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, "எத்தனை டன் அண்ணா?" என்று கேட்கிறேன். அவர் பதில் சொல்ல நிமிர்ந்து பார்க்கிறார். அது போதும்.

கைவேலைக்கு ஒரு சங்கடமும் உண்டு. சூதாடி ஏமாற்றுகிறவன் பயன்படுத்துவதும் இதே விரல்களைத்தான். மூணு சீட்டில் பணம் தொலைத்தவர் இல்லாத ஊர் உண்டா? அதனால் அந்தத் தார்ப்பாயில் நான் ஒரு ஆட்டம்கூட ஆடுவதில்லை, பைசா வைக்காத ஆட்டமாக இருந்தாலும். சீட்டுக்கட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற அம்மாக்களிடம் பையன்கள் சொல்ல வேண்டியதும் இதைத்தான். கணக்கு வித்தைக்கு இந்தச் சந்தேகம் வராது. அந்த விதத்தில் கணக்கு கைவேலையைவிட ஒருபடி மேல்.

ஆக, பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு நான் கையில் கொடுப்பது கணக்கு. மேடை கிடைத்தவருக்கு ஒரு இன்விசிபிள் டெக் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூட வருவது எது என்று கேட்டால் கைதான். முன்னேற்பாடு வேண்டாம், பையில் எதுவும் வேண்டாம், எந்த ஊரில் எந்தக் கட்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவர் மறு சீசனும் வந்தார். அதே தார்ப்பாய், அதே போல மூலை மடங்கிய ரம்மிக் கட்டு. நானே கேட்டு வாங்கினேன். எடைச் சீட்டு எழுதுகிற பேனாவைக் கொடுத்து, அவர் எடுத்த ஆட்டின் ஏழின் (இதயக் குறி போட்ட ஏழு) மேல் கையெழுத்துப் போடச் சொன்னேன். நடுவில் செருகினேன், மேலே வந்தது. மறுபடி செருகினேன். மூன்றாவது முறை அவரே செருகினார். மேல் சீட்டை நான் தொடவில்லை. அவரையே திருப்பச் சொன்னேன். திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டை வாங்கித் தார்ப்பாயில் விரித்தார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். எல்லாம் அவர்களுடைய சீட்டுதான். அப்புறம் அந்த ஆட்டின் ஏழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது எனக்கு" என்றார்.

ரம்மிக்கு ஒரு சீட்டு குறைந்தது. அவரே ஒரு ஜோக்கரை எடுத்து, என் பேனாவால் அதன்மேல் 7 என்று எழுதி, பக்கத்தில் ஆட்டின் வரைந்தார். இன்றும் அந்தக் கட்டில் அப்படித்தான் ஆடுகிறார்கள்.