ஹார்ன்வொர்ட்டா, வாலிஸ்நேரியாவா?

‘தண்ணீரில் போட்டால் போதும், தானாக வளரும்.’ கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஹார்ன்வொர்ட் என்ற மீன்தொட்டிச் செடிக்கும் இதைத்தான் சொன்னார்கள், வாலிஸ்நேரியாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். பொய் இல்லை. இரண்டும் வளரும். ஆனால் ஒவ்வொன்றும் வைக்கும் வேலை வேறு.

ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் புதுத் தொட்டிக்கு இதைவிட நல்ல துணை இல்லை. கப்பி மீன் குட்டி போட்டால் தாயே விழுங்கப் பார்க்கும். இந்தப் புதர் இருந்தால் பாதியாவது பிழைக்கும். மணலில் குத்தி நடாதீர்கள், புதைந்த தண்டு அழுகிவிடும். மிதக்க விடுங்கள். இதன் கெட்ட குணம், இடம் மாறினால் ஊசி இலைகளைக் கொட்டித் தீர்ப்பது. நான் ஒரே வாரத்தில் மூன்று முறை ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தேன். தேறிவிட்டாலோ, மேற்பரப்பை மூடி அடியில் வெளிச்சமே இல்லாமல் செய்துவிடும்.

வாலிஸ்நேரியா நாடா இலைக்காரி. அருகம்புல்லின் தந்திரம்தான் இதற்கும்: ஓடுதண்டு விட்டு, சற்றுத் தள்ளி ஒரு கன்று, அதிலிருந்து இன்னொன்று. சோப்பு நுரைக்காத போர்வெல் தண்ணீரில்கூடச் செழிக்கும். நட்ட புதிதில் இலைகள் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம். வேர் உயிரோடிருந்தால் துளிர்த்துவிடும். இலைகள் பிரியும் கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். செடி வளரத் தொட்டியில் ஊற்றும் ‘திரவ கார்பன்’ புட்டியை மட்டும் இதனருகே கொண்டுபோகாதீர்கள், கரைந்தே போகும்.

என் தொட்டியின் பின்புறச் சுவர் முழுக்க இப்போது வாலிஸ்நேரியாதான். ஹார்ன்வொர்ட்டை முதல் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனின் தொட்டிக்கு அனுப்பினேன். எனக்கு அதுவே சரியான வரிசை.

‘ஹைட்ரில்லா இலவசமாகவே கிடைக்குமே’ என்பீர்கள். கவிழ்த்த புனலுக்குள் குமிழிகள் விட்டு நமக்கு ஒளிச்சேர்க்கை கற்றுத்தந்த அதே செடி. வேகத்தில் இரண்டையும் தோற்கடிக்கும். ஆனால் ஒரு கணுவுள்ள துண்டு போதும், புதிதாக முளைக்கும். மண்ணுக்குள் கிழங்கும் வைக்கும். 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. என் தொட்டிக்கு அது வேண்டாம்.

எதை வளர்த்தாலும் கத்தரித்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். எங்கள் மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் சருகாகி, ரோஜாத் தொட்டிக்குப் போய்விடுகிறது.