லாக் ஓபரான் மர மாதிரி: தச்சு வேலை நன்று, குறிப்பேடு சுமார்

காரைக்குடியில் ஒரு பள்ளி உபகரணக் கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய இந்த மாதிரியைப் பன்னிரண்டாம் வகுப்பில் மூன்று வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இல்லாத வேளையில் ஈ.கோலை பாக்டீரியா அதைச் செரிக்கும் நொதிகளின் மரபணுக்களை (இந்தத் தொகுதிதான் லாக் ஓபரான்) ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்காமல் அடக்கி வைப்பது எவ்வாறு என்று 1961-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜேக்கப்பும் மோனோவும் விளக்கியதைத்தான் இது காட்டுகிறது.

மாதிரியின் உயிர் அடக்கிப் புரதக் கட்டையில் இருக்கிறது. அடக்கி வந்து அமரும் டி.என்.ஏ. பகுதியான ‘இயக்கி’ என்று எழுதிய இடத்தில் அது காந்தத்தால் ஒட்டி நிற்கும், மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் கட்டையைத் தள்ளினால் அதில் முட்டி நின்றுவிடும். அதன் முதுகிலுள்ள பள்ளத்தில் சர்க்கரைத் துண்டைச் செருகியதும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, பிடி விட்டு, கட்டை ‘டக்’கென்று தானே கழன்று விழுகிறது. தூண்டி (அடக்கியை விலகச் செய்யும் மூலக்கூறு) வந்து சேரும்போது புரதத்தின் வடிவம் மாறுவதால்தான் அது டி.என்.ஏ.வை விடுகிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தும் நான் இவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததில்லை. நம் பக்கத்துத் தச்சருக்குத் தாழ்ப்பாள் செய்யச் சொல்லியா தர வேண்டும்!

குறிப்பேடுதான் காலை வாரிவிடுகிறது. தூண்டி லாக்டோஸ் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் அடக்கியோடு சேர்வது லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ். ஒரு மாணவி, “லாக்டோஸ் உள்ளே வரவே பெர்மியேஸ் வேண்டுமே சார், அந்த மரபணுவும் பூட்டிக் கிடந்தால் முதல் லாக்டோஸ் எப்படி வந்தது?” என்று கேட்டாள். பூட்டு ஒருபோதும் முழுமையானதன்று. அடக்கி அவ்வப்போது விலகுவதால் பெர்மியேஸும் லாக்டோஸைச் சிதைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸும் எப்போதும் சில மூலக்கூறுகளாவது செல்லில் இருக்கும், அல்லோலாக்டோஸை உண்டாக்குவதும் அந்தக் கேலக்டோசிடேஸ்தான். இந்தக் கசிவைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை.

குளுக்கோஸ் இருந்தால் லாக்டோஸ் வந்தும் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும் என்பதும் விடுபட்டிருக்கிறது. குளுக்கோஸ் குறையும்போது பெருகும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு, கேப் என்னும் புரதத்தோடு சேர்ந்து பாலிமரேஸ் படியெடுத்தலைத் தொடங்க ஒட்டும் இடமான ஊக்குவிப்பானில் அமரத் துணைபுரிவதைக் காட்ட நானே அட்டையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கொண்டேன். மனித செல்லில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தைக் காட்டவென்று தந்திருக்கும் நூல்கண்டு வெறும் அலங்காரம்.

இரண்டாவது வாரத்தில் காந்தம் கழன்றது. கடையில் மறுப்பேதும் சொல்லாமல் மாற்றித் தந்தார்கள். குறிப்பேட்டுப் பிழையை மட்டும் பேனாவால் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.