ஐந்தும் ஐந்தும் ஒன்றல்ல: பாலிக் பூலாவின் இடரை அளக்க மூன்று வழிகள்

கிழக்கே குன்றுகளும் டுரியான் தோட்டங்களும், நடுவே நகரும் நெல் வயல்களும், மேற்கே கடலும் அமைந்த பாலிக் பூலாவ் வட்டாரத்தில் நிலச்சரிவு, வெள்ளம், சுனாமி ஆகிய மூன்றுக்கும் இடமுண்டு. பினாங்குத் தீவின் இத்தகைய கிராமப்புறத்தில் இடரை மதிப்பிட மதிப்பெண் அட்டவணை, இடர் வரைபடம், ஊராரின் நினைவு என மூன்று வழிகள் உள்ளன.

அலுவலகங்களுக்குப் பிடித்தது அட்டவணைதான். நிகழும் வாய்ப்புக்கு ஐந்துக்குள் ஓர் எண், பாதிப்புக்கு ஐந்துக்குள் ஓர் எண். இரண்டையும் பெருக்கினால் வேலை முடிந்தது. குறையும் அந்தப் பெருக்கலிலேயே இருக்கிறது. அடிக்கடி வந்து தாழ்வான சாலையில் முழங்காலளவு தேங்கிப்போகும் திடீர் வெள்ளத்துக்கு ஐந்தும் ஒன்றும் கொடுத்தால் 5; மிக அரிதாக வந்து உயிர்களைக் கொண்டுபோகும் சுனாமிக்கு ஒன்றும் ஐந்தும் கொடுத்தாலும் அதே 5. முன்னதற்கு வாய்க்காலைத் தூர்வார வேண்டும்; பின்னதற்கு எச்சரிக்கை ஒலியும் மேட்டுக்கு ஏறும் வழியும் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று, மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தொட்டதோ பிற்பகல் ஒரு மணியளவில். ஏறக்குறைய நான்கு மணி நேரம் கையில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி சேரவில்லை. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். உயிரைக் காக்கக்கூடிய அந்த நான்கு மணி நேரத்தை எழுத அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வரைபடம் இதைவிட நேர்மையானது. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் கட்டுமானத்திலிருந்து விலக்கிவைக்கும் பினாங்கின் திட்டமிடல் வரம்பு, கோடு கிழித்துக் காட்டக்கூடியது. ஆயினும் வரைபடம் காட்டுவது அளந்த நாளின் மலையைத்தான். 2017 அக்டோபரில் இதே தீவின் தஞ்சோங் பூங்கா என்னும் ஊரில் 11 பேரும், 2018 அக்டோபரில் புக்கிட் கூக்குஸில் 9 பேரும் மண்ணில் புதைந்து இறந்தது கட்டுமான இடங்களில். மனிதர் வெட்டிய சரிவு பழைய தாளில் இருக்காது. தோட்டத்துக்குப் பாதை போட நேற்று வெட்டிய மண்ணும் அப்படித்தான். வரைபடத்தோடு வரும் ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் ஒரு விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு.

ஊராரின் நினைவுக்குச் செலவில்லை. எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது, எந்த மதகு முதலில் அடைக்கும், கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் எந்த வளைவில் வடியாமல் நிற்கும் என்பதையெல்லாம் கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு பெரியவர் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். ஆனால் பார்த்ததைத்தான் நினைவு சொல்லும். 2004க்கு முன் இங்கே சுனாமியைக் கண்டு சொல்ல ஆளில்லை; 2017 நவம்பர் 4, 5 தேதிகளில், ஒரு நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி ஏழு பேர் இறந்த வெள்ளமும் பழைய அடையாளங்களை நம்பியிருந்தவர்களைத் திகைக்கவைத்தது.

ஆகவே ஒரே வழியை மூன்று இடர்களுக்கும் பூட்டுவதை நான் ஏற்கவில்லை. வெள்ளத்துக்கு முதலில் ஊராரைக் கேட்டு, பிறகு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் நீர்மட்ட அளவீடுகளோடு ஒப்பிட வேண்டும். நிலச்சரிவுக்கு வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மழை வலுக்கும் செப்டம்பருக்கு முன்பே வெட்டுச் சரிவுகளை நடந்து பார்க்க வேண்டும். சுனாமிக்கு அலை வந்துசேரும் நேரத்தையும் நிலத்தின் உயரத்தையும் கணித்துக்கொள்வதே வழி. அட்டவணையைக் கடைசியில், பணம் ஒதுக்கும் நாளில் மட்டும் எடுக்கலாம். அப்போதும் இரண்டு எண்களையும் பெருக்காமல் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும்.