பரிசா, நடைப் போட்டியா, முகாமா: டெல்டா வேலையிடங்களுக்கு எது ஒத்துவரும்?

ஊழியர் உடல்நலத் திட்டத்துக்கு முதலாளி பணம் ஒதுக்கிவிடுவார். ஆளை வரவைப்பதுதான் பாடு. அதற்கு மூன்று வழிகள் பேச்சில் அடிபடுகின்றன: வந்தால் பரிசு, நடைப் போட்டி, வேலையிடத்திலேயே மருத்துவ முகாம். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலைகளையும் கும்பகோணத்து ஜவுளிக் கடைகளையும் மனதில் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

பரிசு ஆளை இழுக்கும், சந்தேகமில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-ல் தன் ஊழியர்களிடமே இதைச் சோதித்தது. உடல் பரிசோதனைக்கு வரப் பணம் தராதபோது 47 சதவீதம் பேர் வந்தார்கள். 100 டாலர் என்றதும் 59, 200 டாலருக்கு 63. இரண்டாவது நூறு டாலர் இழுத்தது நாலே புள்ளி. அதைவிட முக்கியம், ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் சேர்ந்தார்கள். யாரைத் தேடினோமோ அவர்கள் வரவில்லை.

நடைப் போட்டியில் ஒரு சுவாரசியம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினம் 7,000 காலடி நடக்கச் சொன்னார்கள். இலக்கைத் தொட்ட நாளுக்கு 1.40 டாலர் பெற்ற குழு 35 சதவீத நாட்களில் தொட்டது. மாதத்துக்கு 42 டாலரை முன்னாலேயே கணக்கில் வைத்து, தவறிய நாளுக்கு 1.40 கழித்த குழு 45 சதவீதம். கணக்கில் இருப்பது போகிறதே என்ற பதைப்பு! ஆனால் நம்மூரில் அட்வான்ஸ் பிடித்தம் போக மிச்சத்தை எண்ணி வாங்குகிறவரிடம் இன்னொரு பிடித்தம் என்று சொல்லிப் பாருங்கள், அன்றே திட்டம் காலி. அப்புறம், கொள்முதல் நிலையத்தில் நாளெல்லாம் 40 கிலோ மூட்டை சுமக்கும் லோடுமேனை அடி எண்ணச் சொல்வது கேலி. வங்கிக் கிளைக்கும் கணக்குப்பிள்ளை மேசைக்கும் வேண்டுமானால் போட்டி சரி.

முகாமும் தானாக நிரம்பாது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அரை மணி நேரம் வரிசையில் நிற்பது நேரடி நஷ்டம். அந்த நேரத்துக்கும் கூலி போட வேண்டும். பரிசுப் பணம் இருந்தால் அதை இங்கே கொட்டலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை, அதற்குள் டீயும் வடையும் உள்ளே போயிருக்கும். ஷிஃப்ட் தொடங்குமுன் ரத்தம் எடுத்து, எடுத்த கையோடு இட்லி கொடுப்பதே வழி. மேசையை முதலாளி அறைக்குப் பக்கத்தில் போடக் கூடாது. சூபர்வைசர் நோட்டைப் பிடித்துக்கொண்டு "உனக்கு 240-ப்பா" என்று சத்தமாக வாசித்தால், அடுத்த முறை அவர் மட்டுமில்லை, அவர் கூட்டாளிகளும் வரமாட்டார்கள். சர்க்கரை என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நிஜமானது. முடிவு நர்ஸுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஆள், கருவிக்கு அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். 2021-ல் வீடு தேடிப் போகத் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிறகு வேலையிடங்களுக்கும் விரிந்தது. வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாளியிடம் "லீவு குறையும்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 160 கிளைகள் கொண்ட ஒரு கடைச் சங்கிலியில் 20 கிளைகளுக்குத் திட்டம் கொடுத்தது. 18 மாதம் கழித்து, மற்றக் கிளைகளைவிட அங்கே உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தத்திலோ லீவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

கடைசியாக நாள் குறிப்பது. தை, மாசியில் சம்பா நெல் குவியும்போது ஆலையில் முகாம் வைத்தால் டாக்டர் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். குறுவை நடவு நடக்கும் ஜூன், ஜூலை தோது. ஜவுளிக் கடைக்கு முகூர்த்தமில்லாத மார்கழி, அதுவும் பொங்கல் கூட்டம் தொடங்குமுன்.